கணக்கில் வராத சக்தி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் சமயமும் இலக்கியமும் பேசப்படுவதே வழக்கம். இம்முறை செயலாளர் என்னிடம் வந்து, "நீங்கள் எருக்கலம்பிட்டியில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறீர்கள், அதையே பேசுங்கள், எங்கள் பிள்ளைகளுக்கும் உதவும்" என்று கேட்டுக்கொண்டார். பரீட்சைக்கு ஆயத்தம் செய்கின்ற பிள்ளைகள் பலர் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் பாடசாலையில் செய்கின்ற, அல்லது செய்ததாக எழுதுகின்ற, ஒரு பரிசோதனையை இன்று எடுத்துக்கொள்கிறேன். அழுத்தசக்தியையும் இயக்கசக்தியையும் அளந்து ஒப்பிடுகின்ற பரிசோதனை அது. பெரியவர்கள் எழுந்து போய்விடாமல் சிறிது பொறுத்துக் கேட்க வேண்டும். இதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு பொருள் உயரத்தில் இருப்பதனால் அதற்கு உள்ள சக்தியை நமது பாடநூல்கள் அழுத்தசக்தி என்கின்றன. தமிழ்நாட்டு நூல்கள் நிலையாற்றல் என்கின்றன. ஓடுவதனால் உள்ள சக்தி இயக்கசக்தி; அங்கே இயக்க ஆற்றல். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. அழுத்தசக்தியைக் காணத் திணிவை 9.8 ஆலும் உயரத்தாலும் பெருக்க வேண்டும். இயக்கசக்தியைக் காணத் திணிவின் பாதியை வேகத்தாலும், மறுபடியும் ஒருமுறை வேகத்தாலும் பெருக்க வேண்டும். திணிவு கிலோகிராமிலும், உயரம் மீற்றரிலும், வேகம் செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்றும் இருந்தால் விடை யூலில் வரும்.

மன்னார்த் தீவிலே இருந்துகொண்டு இதற்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. பனையைப் பாருங்கள். இருபது மீற்றர் உயரத்தில் ஒன்றரைக் கிலோகிராம் பனம்பழம் ஒன்று தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 1.5 × 9.8 × 20, அதாவது 294 யூல் அழுத்தசக்தி அதற்கு உண்டு. காம்பு விட்டதும் உயரம் குறையக் குறைய வேகம் கூடுகிறது. நிலத்தைத் தொடும் கணத்தில் அந்த 294 யூலும் இயக்கசக்தியாகி நின்றால், வேகம் செக்கனுக்கு 19.8 மீற்றர் என்று கணக்கு வரும். மணிக்கு ஏறக்குறைய 71 கிலோமீற்றர்! பனங்காட்டுக்குள்ளே பழம் விழும் காலத்தில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள் என்று நம் பாட்டிமார் சொன்னது வெறும் பயமுறுத்தல் அன்று.

ஆயினும் இந்தக் கணக்கில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். "ஆகி நின்றால்" என்றேன். அந்த "ஆல்" என்னும் இடைச்சொல்லிலேதான் இன்றைய பேச்சு முழுவதும் இருக்கிறது.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். சிலாபத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பெருங் கூட்டமாகக் கொட்டில் போட்டுக் குளித்தார்கள். குளிகாரன் தானாக நீந்திக் கீழே போவதில்லை. கயிற்றில் கட்டிய ஒரு கல்லில் காலை வைத்துக்கொண்டு இறங்குவான். கல் இழுத்துக்கொண்டு போகும். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவான். மேலே தோணியில் நிற்கின்றவர்கள் அதை இழுத்துக்கொள்வார்கள். மூச்சடக்கிய மனிதன் தன் தெம்பை இறங்குவதிலே செலவிடாமல், சிப்பி பொறுக்குவதற்கு மிச்சம் வைத்துக்கொள்ளும் உபாயம் இது. கல்லை மேலே இழுத்தவர்களின் கைகள் அதற்குக் கொடுத்த அழுத்தசக்திதான் அவனைக் கீழே கொண்டுபோயிற்று.

இப்பொழுது நம் பாடநூற் சூத்திரத்தை அப்படியே போட்டுப் பார்ப்போம். பத்து மீற்றர் ஆழம் என்றால், அடியைத் தொடும்போது வேகம் செக்கனுக்கு 14 மீற்றர், மணிக்கு 50 கிலோமீற்றர் என்று வரும். அந்த வேகத்தில் பாரிலே போய் மோதியவன் சிப்பி பொறுக்குவானா? கால் எலும்பல்லவா பொறுக்க வேண்டி வரும்! உண்மையில் கல் சற்று நேரத்தில் ஒரே சீரான வேகத்துக்கு வந்து, அதன் பிறகு வேகம் கூடாமலே இறங்கிற்று. நீருக்குள் கல்லின் நிறை குறைவு என்பது ஒரு காரணம். பெரிய காரணம் அதுவன்று. உயரம் குறைகிறது, அழுத்தசக்தி குறைகிறது, இயக்கசக்தியோ கூடவில்லை. அப்படியானால் அந்தச் சக்தி எங்கே போயிற்று? கல்லும் மனிதனும் விலக்கிக்கொண்டு போன நீருக்குப் போயிற்று. நீர் சுழன்றது, பின் அடங்கியது, மிகமிகச் சிறிது சூடேறியது. சக்தி அழியவில்லை, நாம் எழுதிவைத்திருந்த இரண்டு பெயர்களுக்குள்ளே அடங்கவில்லை, அவ்வளவே.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பாடசாலைக்கு வருவோம்.

ஒரு பலகையைச் சாய்த்து வைக்கிறோம். அதன் மேல் முனை கீழ் முனையிலும் பார்க்க 20 சென்ரிமீற்றர் உயரம். ஐம்பது கிராம் திணிவுள்ள உருக்குக் குண்டு ஒன்றை மேலிருந்து உருட்டி விடுகிறோம். அழுத்தசக்தி 0.05 × 9.8 × 0.2, அதாவது 0.098 யூல். கீழே வந்ததும் வேகத்தை அளந்து இயக்கசக்தியைக் கணிக்கிறோம். பரிசோதனையின் நோக்கம் என்று கொப்பியிலே முன்கூட்டியே எழுதியிருக்கும்: "அழுத்தசக்தி இயக்கசக்தியாக மாறுகின்றது என்பதைக் காட்டல்." முடிவும் எழுதியிருக்கும்: "அழுத்தசக்தி 0.098 யூல். இயக்கசக்தி 0.098 யூல். எனவே இரண்டும் சமம்." சிலர் மாத்திரம் சற்று உலக அனுபவம் உள்ளவர்கள், 0.097 என்று எழுதுவார்கள்!

எந்தப் பாடசாலை என்று கேளாதீர்கள். ஒரு பாடசாலையில் மட்டும் நடப்பதென்றால் நான் இந்த மேடைக்கு அதைக் கொண்டுவர மாட்டேன். யாழ்ப்பாணத்திலும் நடக்கும், சென்னையிலும் நடக்கும், இலண்டனிலும் நடக்கும். ஆனால் நான் உறுதியாகச் சொல்வேன்: இந்த முறையில் செய்த எந்தப் பிள்ளைக்கும் 0.098 வந்திருக்க முடியாது. 0.097 உம் வந்திருக்க முடியாது. மிக நன்றாக, மிகக் கவனமாகச் செய்த பிள்ளைக்கு 0.07 வந்திருக்கும். அதற்கு மேலே வந்ததென்றால், ஒன்று அளவு பிழை. இல்லையேல் எழுதியது அளவே அன்று.

ஏன் 0.07? உராய்வினால் என்று உடனே விடை வரும். "உராய்வினால்" என்பது நம் மாணாக்கரிடையே எல்லா நோய்க்கும் ஒரே குளிசை. இங்கே உராய்வு முதற் குற்றவாளி அன்று. குண்டு வழுக்கிக்கொண்டு வரவில்லை, உருண்டுகொண்டு வருகிறது. முன்னே செல்வதற்கு ஒரு சக்தி வேண்டும். தன்னைத் தானே சுற்றுவதற்கு இன்னொரு சக்தி வேண்டும். இரண்டையும் அந்த 0.098 யூலே கொடுக்க வேண்டும். உள்ளே வெற்றிடமில்லாத உருண்டைக் குண்டு வழுக்காமல் உருளும்போது, ஏழில் ஐந்து பங்கு முன்செல்லும் இயக்கத்துக்கும், ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்கும் போகின்றன என்று கணிதம் காட்டுகிறது. 0.098இல் ஏழில் ஐந்து சரியாக 0.07. குண்டு பெரிதாயினும் சிறிதாயினும், உருக்காயினும் கண்ணாடிப் போளையாயினும், வழுக்காமல் உருளும் வரை பலகையின் சாய்வு கூடினாலும் குறைந்தாலும், இந்த ஐந்தும் இரண்டும் மாறுவதில்லை. எத்தனை அழகான எண்! இயற்கை தன் கையால் எழுதிக் கொடுத்த விடையை அடித்துவிட்டு, 0.098 என்று நம் பிள்ளை எழுதுகிறான். அவனுக்குப் புள்ளியும் கிடைக்கிறது.

ஐயமுள்ளவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சைக்கிள் றிம்மையும் ஒரு குண்டையும் ஒரே சாய்வில் ஒன்றாக விடுங்கள். குண்டு முந்தும். றிம்மின் திணிவெல்லாம் ஓரத்திலே இருப்பதால் அதற்குச் சுழற்சிச் செலவு அதிகம். சரிபாதி சுழற்சிக்கே போய்விடும். றிம் பாரமானது, ஆகவே அதுதான் முந்தும் என்று பந்தயம் கட்டுகிறவர்களிடம் தேநீர் வாங்கிக் குடிக்கலாம்.

மற்றொரு வழுவையும் சொல்லிவிடுகிறேன். இது பொய் அன்று, விளங்காமை. பலகை ஒரு மீற்றர் நீளம் என்றால், குண்டு மேலிருந்து கீழ் வர ஏறத்தாழ 1.2 செக்கன் எடுக்கும். ஒரு மீற்றரை 1.2 ஆல் வகுத்து, வேகம் 0.84 என்று எடுத்து, இயக்கசக்தி 0.0175 யூல் என்று எழுதுவோர் பலர். அந்த 0.84 வழி முழுவதற்குமான சராசரி. ஓய்விலிருந்து சீராக வேகங்கூடி வந்த பொருளுக்குக் கடைசி வேகம் சராசரியின் இரு மடங்கு. வேகம் இரு மடங்கென்றால் சக்தி நான்கு மடங்கு. 0.0175ஐ நான்கால் பெருக்குங்கள்: மறுபடியும் அதே 0.07! இந்த இடத்தை விளங்கிக்கொண்ட பிள்ளை இயக்கசக்தியைப் பற்றி அதற்குப் பிறகு மறக்க மாட்டாள்.

இங்கே வேகத்தின் வர்க்கம் என்பதைப் பற்றிச் சிறிது தங்கிப் பேச வேண்டும். ஏன் வேகத்தை இருமுறை பெருக்குகிறோம் என்று கேட்கின்ற பிள்ளை நல்ல பிள்ளை. ஐரோப்பாவில் பெரிய அறிஞர்கள் இதற்காகப் பல ஆண்டுகள் சண்டை பிடித்தார்கள். இயக்கத்தின் அளவு திணிவும் வேகமும் பெருக்கியது என்றார் தேக்காட். இல்லை, வேகத்தை இருமுறை பெருக்க வேண்டும் என்று 1686இல் இலைப்னிற்சு எதிர்த்தெழுதினார். ஒல்லாந்துக்காரராகிய கிராவசாந்தே என்பவர் 1720களில் பித்தளைக் குண்டுகளை மெதுவான களிமண்ணில் விழுத்திப் பார்த்தார். ஒரே பருமனுள்ள இரண்டு குண்டுகள். ஒன்றின் திணிவு மற்றதன் இரு மடங்கு. பாரமானதை ஒரு பங்கு உயரத்திலிருந்தும் இலேசானதை இரு பங்கு உயரத்திலிருந்தும் விட, இரண்டும் ஒரே அளவு குழி பறித்தன. வேகம் இரு மடங்காக வேண்டுமென்றால் உயரம் நான்கு மடங்காக வேண்டும் என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. ஆகவே குழியின் அளவு வேகத்தோடு அன்று, வேகத்தின் வர்க்கத்தோடே ஒத்துப் போயிற்று. பிரான்சு தேசத்து எமிலி து சாத்தலே என்னும் அம்மையார் 1740இல் தாம் வெளியிட்ட பௌதிக நூலில் இந்த வர்க்கத்தின் பக்கம் நின்று வாதிட்டார். பெண்பிள்ளைகள் அந்த அம்மையாரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராவசாந்தேயின் பரிசோதனைக்கு வேண்டிய களிமண் எந்தக் குளக்கரையிலும் இனாமாகக் கிடைக்கும்.

தேக்காட் சொன்னது முழுப் பிழையா என்றால், இல்லை. ஒரு தேரை நினையுங்கள். தேரும் அதன் மேலுள்ளவையும் சேர்ந்து 20,000 கிலோகிராம் என்றும், செக்கனுக்கு அரை மீற்றர் வீதம் அசைந்து வருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அதன் இயக்கசக்தி 2,500 யூல். இப்பொழுது ஒரு மோட்டார் சைக்கிள்: ஆளோடு 200 கிலோகிராம், மணிக்கு 36 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 10 மீற்றர். அதன் இயக்கசக்தி 10,000 யூல். பெரியவர்களே, முழுத் தேரிலும் பார்க்க, நம் தம்பி ஓட்டி வருகின்ற மோட்டார் சைக்கிளில் நான்கு மடங்கு சக்தி இருக்கிறது! ஆனால் திணிவையும் வேகத்தையும் மட்டும் பெருக்கினால் தேருக்கு 10,000, மோட்டார் சைக்கிளுக்கு 2,000. அது உந்தம். ஒரே பலத்தால் தடுத்தால் எத்தனை நேரத்தில் நிற்கும் என்பதை உந்தம் சொல்லும். எத்தனை தூரத்தில் நிற்கும், மோதினால் எவ்வளவு நாசம் என்பதைச் சக்தி சொல்லும். ஒரே கேள்விக்கு இரண்டு விடை என்று நினைத்துச் சண்டை பிடித்தார்கள், கேள்விகளே இரண்டு.

தூரம் என்றதும் நம் ஊர்க் கழுதைகள் நினைவுக்கு வருகின்றன. மன்னார்த் தலைமன்னார் வீதியில் இரவில் வருகின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளிச்சத்துக்குள்ளே திடீரென்று நான்கு கழுதைகள் நிற்கும். மணிக்கு 36 கிலோமீற்றரில் வருகிறவன் பிறேக்கை அழுத்திய பிறகு எத்தனை தூரம் போவானோ, 72இல் வருகிறவன் அதன் நான்கு மடங்கு தூரம் போவான். இரண்டு மடங்கு அன்று. வேகமானி 70ஐத் தொடும்போது உங்களுக்கு உள்ள இயக்கசக்தி, 19 மீற்றர் உயரப் பனையின் உச்சியிலிருந்து விழுகிறவனுக்கு நிலத்தைத் தொடும்போது உள்ள அதே சக்தி. எருக்கலம்பிட்டிச் சந்தியால் பறக்கின்ற இளைஞர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பனை உச்சியில் ஏறி நின்றுகொண்டு, இங்கிருந்து விழுந்தால் என்ன என்று யோசித்திருக்கிறீர்களா?

பனை ஏறும் தொழிலாளியின் கணக்கும் வேடிக்கையானது. 60 கிலோகிராம் மனிதன் 20 மீற்றர் ஏறினால் அவன் பெறும் அழுத்தசக்தி 11,760 யூல். உணவுக் கணக்கில் இது மூன்று கலோரிக்கும் குறைவு. தசைநார் உணவுச் சக்தியில் நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்றைத்தான் வேலையாக்கும், மிச்சம் வெப்பம். அதையும் சேர்த்தாலும் ஒரு சிறு வாய்ப் புட்டுக்கு மேலே வராது. ஆனால் பத்துப் பனை ஏறி இறங்கியவரைக் கேட்டுப் பாருங்கள், ஒரு வாய்ப் புட்டு காணுமா என்று! மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பதற்கும் தசை சக்தியைச் செலவிடுகிறது. உயரம் கூடாததால் அது சூத்திரத்துக்குள் வருவதில்லை. சூத்திரம் பொய் சொல்லவில்லை. அதனிடம் நாம் கேளாததை அது சொல்லவில்லை.

இப்படிக் காணாமற் போன சக்தியைத் தேடிப் போனதனாலேதான் விஞ்ஞானம் வளர்ந்தது. இங்கிலாந்தில் சால்போட் என்னும் ஊரில் பியர் வடிசாலைக்காரர் ஒருவரின் மகன் யூல். சக்தியின் அலகுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. விழுகின்ற பாரத்தைக் கொண்டு நீருக்குள் துடுப்புகளைச் சுழற்றி, நீர் எத்தனை பாகை சூடேறுகிறதென்று 1840களில் அவர் மறுபடியும் மறுபடியும் அளந்தார். ஒரு இறாத்தல் நீரை ஒரு பரனைற்றுப் பாகை சூடாக்க 772 அடி-இறாத்தல் வேலை வேண்டும் என்று 1850இல் வெளியிட்டார். அடி-இறாத்தலில் படித்த பெரியவர்கள் இங்கே இருப்பீர்கள். இன்றைய அளவையில் சொன்னால், நீர் ஏறக்குறைய 427 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்து, அந்தச் சக்தி முழுவதும் அதற்குள்ளேயே தங்கினால், ஒரு பாகை செல்சியசு சூடேறும். அவ்வளவு சிறிய வெப்பத்தை அவர் அளந்தார். "உராய்வினால் சிறிது குறைந்தது" என்று எழுதிக் கொப்பியை மூடியிருந்தால் அந்தப் பெயர் நமக்குத் தெரியாமலே போயிருக்கும். அழுத்தசக்தி என்ற கருத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை இராங்கின் என்பவர் கொடுத்ததும் அதற்குப் பிறகுதான், 1853இல்.

நம் தீவின் தென்கரை வழியே நிற்கின்ற தம்பபவனிக் காற்றாலைகளை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 2020 டிசம்பரில் திறந்து வைக்கப்பட்டன. முப்பது ஆலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று, மொத்தம் 103.5. ஆலைகள் இன்னும் வேண்டுமா வேண்டாமா என்று 2025இல் மன்னாரில் நடந்த போராட்டத்தைப் பற்றி நான் இன்று பேசவில்லை. அதற்கு வேறு மேடை வேண்டும். ஆனால் எந்தப் பக்கம் நின்று பேசுவதானாலும் கணக்குத் தெரிந்து பேசுவது நல்லது. ஒரு கனமீற்றர் காற்றின் திணிவு ஏறத்தாழ 1.2 கிலோகிராம். காற்று செக்கனுக்கு 6 மீற்றர் வேகத்தில் வீசினால் ஒரு சதுர மீற்றர் பரப்பைக் கடந்து செல்லும் இயக்கசக்தி செக்கனுக்கு 130 யூல். 12 மீற்றர் வேகத்தில் 1,037 யூல். வேகம் இரு மடங்கு, வலுவோ எட்டு மடங்கு. சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. போதாததற்கு ஒவ்வொரு செக்கனும் வந்து சேரும் காற்றின் அளவும் வேகத்தோடு கூடுகிறது. வேகம் ஐந்து மடங்கானால் 125 மடங்கு. 1964 டிசம்பரில் தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் அடித்த புயலைக் கண்டவர்கள் இந்த எண்ணைக் கேட்டு வியக்க மாட்டார்கள்.

அந்தக் காற்றின் சக்தி முழுவதையும் ஆலை எடுத்துவிட முடியுமா? முடியாது. முழுவதையும் எடுத்தால் காற்று ஆலையின் பின்னே அப்படியே நின்றுவிடும். பின்னால் வரும் காற்றுக்குப் போக வழி இருக்காது. எவ்வளவு திறமையாகச் செய்த ஆலையானாலும் இருபத்தேழில் பதினாறு பங்குக்கு மேல் எடுக்க முடியாது என்று ஜேர்மனியரான பெற்சு கணக்கிட்டுக் காட்டினார். நூற்றுக்கு 59. இதுவும் நம் ஏழில் ஐந்தைப் போன்ற ஒரு எண்ணே. காற்றாலை அமைக்கின்ற பொறியியலாளர் ஒருவர் பாடசாலைக் கொப்பியிலே எழுதியதைப் போல, "காற்றின் சக்தி நூறு, மின்சக்தி நூறு, எனவே சமம்" என்று எழுதிக் கொடுத்தால் நாம் சிரிப்போம். அந்தப் பழக்கத்தைப் பத்தாந் தரத்தில் நாமே படிப்பித்துவிட்டு, பின்னர் எங்கே போய்ச் சிரிப்பது?

பெற்றோர்களே, உங்கள் பங்கு என்றேனே, அது இதுதான். பிள்ளை கொப்பியைக் கொண்டுவந்து, "செய்முறைக்குப் பத்துக்குப் பத்து" என்று காட்டும்போது, "நீ அளந்தபோது எவ்வளவு வந்தது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். விஞ்ஞானம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வேறுபட்ட எண்ணைக் கண்டு பிள்ளையைக் கண்டிக்காமல் இருந்தாலே போதும். என்னோடு தொழில் செய்கின்ற ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 0.064 என்று எழுதி, மிச்சம் எங்கே போயிருக்கலாம் என்று இரண்டு வரி எழுதிய கொப்பிக்கு, 0.098 என்று எழுதிய கொப்பியிலும் பார்க்கக் கூடப் புள்ளி கொடுங்கள். பிள்ளைகள் புத்திசாலிகள்; எதற்குப் புள்ளி கிடைக்கிறதோ அதைச் செய்வார்கள். இப்போது செய்கிறார்களே!

கருவி இல்லை, ஆய்வுகூடம் இல்லை என்ற விடை வரும். அது பல இடங்களில் உண்மை. 1990 ஒக்ரோபரில் எருக்கலம்பிட்டி மக்கள் ஊரோடு வெளியேற்றப்பட்டார்கள். ஆண்டுகள் பல கழித்துத் திரும்பியவர்கள் வீட்டைக் கட்டுவதா, பாடசாலைக்குத் தராசு வாங்குவதா என்று யோசிக்க வேண்டிய நிலையில் இருந்தார்கள். போரினால் பெயர்ந்து திரும்பிய நம் ஊர்களுக்கும் இது புதிதன்று. ஆகவே நான் சொல்லும் முறைக்குத் தராசு வேண்டாம், நிறுத்தற் கடிகாரம் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஒரு அடிமட்டம் போதும்.

சாய்த்த பலகையின் கீழ் முனை மேசையின் விளிம்பிலே சமமாகப் படிந்து முடியட்டும். குண்டு அங்கிருந்து கிடையாகப் பறந்து நிலத்தில் விழட்டும். நிலத்திலே ஈர மணலைப் பரப்பினால் விழுந்த இடம் தெரியும். மூன்று நீளங்களை அளவுங்கள்: பலகையில் குண்டு இறங்கிய உயரம், மேசையின் உயரம், மேசை விளிம்புக்கு நேர் கீழிருந்து குண்டு விழுந்த இடம் வரையுள்ள தூரம். அந்தத் தூரத்தை அதனாலேயே பெருக்குங்கள். மற்ற இரண்டு உயரங்களையும் தம்முள் பெருக்கி நான்காலும் பெருக்குங்கள். முன்னதைப் பின்னதால் வகுங்கள். வருகின்ற எண், அழுத்தசக்தியில் எத்தனை பங்கு முன்செல்லும் இயக்கசக்தியாயிற்று என்பது. திணிவும் 9.8உம் கணக்கிலிருந்து தாமாகவே விழுந்துவிடும். ஏன் என்று மேல்வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் நிறுவிப் பாருங்கள்.

மேசை 78.4 சென்ரிமீற்றர், இறங்கிய உயரம் 20 சென்ரிமீற்றர் என்றால், பாடநூல் நினைப்பதைப் போல முழுச் சக்தியும் மாறியிருந்தால் குண்டு 79 சென்ரிமீற்றரில் விழ வேண்டும். உருளும் குண்டு, வேறு நட்டம் ஒன்றும் இல்லாவிட்டால், 67இல் விழும். பன்னிரண்டு சென்ரிமீற்றர் வேறுபாடு, கண்ணாலேயே காணலாம். உங்களுக்கு 64 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 64 × 64 என்பது 4,096. 4 × 78.4 × 20 என்பது 6,272. வகுத்தால் 0.65. அந்த 50 கிராம் குண்டுக்குக் கணக்கை எழுதுவோம்: கையில் இருந்தது 0.098 யூல், முன்செலவுக்கு 0.064, அதில் ஐந்தில் இரண்டு பங்கு, 0.026, சுழற்சிக்கு. மொத்தம் 0.090. மீதி 0.008 யூல். இதுதான் உராய்வுக்கும், பலகை அதிர்ந்ததற்கும், குண்டு உருண்ட ஓசைக்கும் உரியது. உராய்வின் தலையில் இதுவரை நாம் போட்ட பழியில் நாலில் ஒரு பங்குதான் அதற்கு நியாயமாகச் சேரும்! ஐந்து முறை உருட்டி ஐந்து தூரத்தையும் எழுதி, நடுத்தரமானதைக் கொள்ளுங்கள். தவாளித்த பலகையானால் குண்டு இரண்டு ஓரங்களில் உருளும், சுழற்சிச் செலவு இன்னும் கூடும், 67ஐ எதிர்பாராதீர்கள்.

மண்டபத்தின் பின்தாழ்வாரத்தில் ஒரு பலகை சாய்த்து வைத்திருக்கிறேன். மணலும் பரப்பியிருக்கிறது. ஒரு உருக்குக் குண்டும், இரண்டு கண்ணாடிப் போளைகளும், ஒரு அடிமட்டமும் இருக்கின்றன. மேசையின் உயரத்தை நான் எழுதி வைக்கவில்லை, நீங்களே அளவுங்கள். தேநீர் வேளையில் வந்து உருட்டி, கிடைத்த தூரத்தைச் சுவரிலே ஒட்டியிருக்கின்ற தாளில் ஒருவர் கீழ் ஒருவராக எழுதுங்கள். முன்னே எழுதியவரின் எண்ணைப் பார்த்து எழுத வேண்டாம்.